எந்தப் பாடத்திலும் வராத கொல்லை

அறுபதுகளில் புதுவாயல் கூட்டுரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். நாலு சைக்கிள், ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டுகிற சாமான், அவ்வளவுதான் கடை. ஆறாவது பாதியில் படிப்பை விட்டவன் நான். அரைப் பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு கலங்கி வீட்டிலேயே படுத்துவிட்டேன். பரீட்சை எழுதாதவன் எந்த முகத்தோடு வகுப்பில் உட்காருவது என்று மறுநாளும் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோயிற்று. குடும்பக் கஷ்டத்தால் நின்றது என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பயத்தால் நின்றது என்பதுதான் சரி.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். வாடகைக்குப் போன சைக்கிள் கொஞ்சம் தாமதமானால் கல்கத்தா ரோட்டில் லாரிக்கு அடியில் கிடக்கிற மாதிரியே மனசில் ஓடும். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்களோடு எனக்குச் சகவாசம் ஏற்பட்டது. மெட்ராஸ் பஸ்ஸில் வந்து இறங்கி, கண்ணாடியும் தோள்பையுமாக நாலு பக்கமும் திரும்பிப் பார்ப்பவர்கள் கடைசியில் என் கடைக்குத்தான் வருவார்கள். உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் போக வண்டி கிடையாது. சைக்கிள் வேண்டும். முன்பின் தெரியாத ஆளிடம் சைக்கிளைத் தனியாகக் கொடுத்தனுப்ப எனக்கு மனசு வராது. இன்னொரு சைக்கிளில் நானும் கூடவே போவேன். அவர்கள் அதை உதவி என்று நினைத்துக்கொண்டார்கள்.

காலையில் வந்து சாயங்காலம் மெட்ராஸ் திரும்பிவிடலாம் என்பதால் எங்கள் பக்கம் அவர்களுக்கு வசதி. எத்தனை விதமான ஆட்கள் வந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை விடுவது என்று மீன்பிடிக் குப்பங்களில் ஒரு முறை உண்டு. அதை மட்டுமே எழுதிக்கொள்ள ஒருவர் இரண்டு மழைக்காலம் வந்தார். வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் யார் யாரைக் கட்டலாம், யார் யாரைக் கட்டக்கூடாது என்று வீடு வீடாகக் கேட்டார். என் மனைவி, "இந்தாளக் கட்டக்கூடாதுன்னு முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். மனசைப் பற்றிப் படிக்கிற மாணவர் ஒருவர் மை கொட்டின மாதிரி படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். எனக்கு எல்லாவற்றிலும் நண்டு தெரிந்தது. நண்டு என்று சொன்னால் என்ன ஆகுமோ என்று பூ என்றேன். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போனவரும் உண்டு.

இத்தனை பேர் வந்தும், ஒவ்வொருவரும் வேலி போட்டுக்கொண்டே வந்தார்கள். அவரவர் பாடத்துக்கு வெளியே ஒரு வார்த்தை சொன்னால் பேனா நின்றுவிடும். எங்கள் காலனிக்குக் குடிதண்ணீர்க் கிணறு இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் நல்ல மாதிரியாகவே பதில் சொன்னார்: "அது கலெக்டருக்குக் குடுக்கற மனுங்க. ஆராய்ச்சி இல்ல."

என் அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவள். எங்கள் காலனியில்தான் மூன்றாவது வரிசையில் இருந்தாள். மாமா போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகளைப் பள்ளிப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே மேய்க்கால் புறம்போக்கு கொஞ்சம் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஒரு கோடை முழுக்க அதை அவள் கொத்தினாள். மழை விழுந்ததும் கேழ்வரகு போட்டாள், ஓரத்தில் பரங்கியும் அவரையும். முக்கால் ஏக்கர் இருக்கும். அதைத்தான் அக்கா கொல்லை என்பாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் பக்கத்தில் கொத்திக்கொண்டன.

எனக்குத் தூக்கம் போயிற்று. சர்க்கார் நிலத்தில் பயிர் வைத்தால் கிராமக் கணக்குப் பார்க்கிற கர்ணம் பி மெமோ எழுதுவார். தண்டம் கட்டச் சொல்லி வருகிற நோட்டீஸ் அது. கர்ணத்தை நான்தான் போய்ப் பார்த்தேன். அறுப்பு முடிந்ததும் அவர் வீட்டுக்கு ஒரு மரக்கால் கேழ்வரகும் இரண்டு பரங்கிக்காயும் போய்விடும். மெமோ வராது. மற்ற குடும்பங்களுக்கும் அப்படியே பேசி முடித்தேன். என் வாழ்க்கையில் நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஒரே காரியம் என்று வெகுநாள் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் எதிர்வீட்டுக்காரர் மட்டும் கர்ணத்தோடு ஏதோ வாய்ச்சண்டை போட்டுவிட்டு, பரங்கிக்காய் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு வருஷா வருஷம் மெமோ வந்தது. அவரும் கட்டிவிட்டு ரசீதைக் கம்பியில் குத்தி வைப்பார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் பொருளாதாரக்காரர் வந்தார். மெட்ராஸில் பெரிய படிப்புக்காக எங்கள் காலனியை எடுத்துக்கொண்டார். அச்சடித்த தாள்கள் ஒரு கட்டு. எத்தனை கோழி, எத்தனை பாத்திரம், அரிசி எத்தனை நாள், கேழ்வரகு எத்தனை நாள், நிலம் உண்டா, யாருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு நான் வீடு வீடாகப் போனேன்.

"யார் கேட்டாலும் கூலின்னு மட்டும் சொல்லு. கொல்ல கில்லன்னு வாயத் தொறக்காத" என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஏன், நான் இன்னா திருடிக்கினா கீறேன்?"

"எழுதிக்கினு போயி யார்கிட்ட குடுப்பாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அவரு பரீட்ச எழுதப் போறாருன்னு நீதானே சொன்ன."

"அந்தப் பேப்பர யாரு திருத்தறாங்களோ. கலெக்டரு ஆபீசா இருந்தா?"

"பேஜாரு புடிச்சவன்டா நீ" என்றாள். ஆனால் சொன்னபடி செய்தாள்.

மறுநாள் அவள் வாசலில் முக்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். நிலம் ஏதாவது பயிர் செய்கிறீர்களா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சைக்கிளின் வால்வு டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூலிதாங்க" என்றாள்.

கூரைமேல் கதிர் அறுத்த கேழ்வரகுத் தட்டு காய்ந்துகொண்டிருந்தது. "இந்தத் தட்டு?"

"மாட்டுக்கு வாங்குனதுங்க."

"மாடு இருக்கா?"

"இல்லிங்க."

எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாடு இல்லாத ஊட்ல தட்டு எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல பாரு. படிச்சவருதானா அவரு?" என்றாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

அடுத்த வருஷமோ என்னவோ, பேச்சு மொழியை ஆராய்கிறவர் வந்தார். டேப் ரிக்கார்டர் என்று ஒரு பெட்டி. அரை மூட்டை அரிசி கனம். என் லுங்கியைச் சுற்றி கேரியரில் கட்டி, மேடு பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஆனால் அதன் முன்னால் யாருக்கும் சொந்தப் பேச்சு வரவில்லை. எல்லாரும் கட்சிக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசினார்கள். ஒரு பெரியவர் வணக்கம் சொல்லி நான் நலம் என்று முடித்துக்கொண்டார். மொழிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அக்கா கேழ்வரகு தூற்றிவிட்டு முறத்தோடு வந்தாள்.

"எதப் பேசணும்?"

"எதை வேணும்னாலும் பேசுங்கம்மா. உங்களுக்குக் கோபம் வந்த விஷயம் ஏதாவது."

"அதுக்கா பஞ்சம்" என்று கீழே உட்கார்ந்தாள்.

அரைமணி பேசினாள். மேட்டுத் தெரு ஆடு கொல்லையில் புகுந்த கதை. "நாலு ஆடு பூந்து கேவுர மேஞ்சிக்கினு கீது. கல்ல எடுத்தேன், மூணு ஓடிட்ச்சி. ஒண்ணு மட்டும் என்னியப் பாத்துக்கினே மெல்லுது. நான் அத்த இஸ்துக்கினு வந்து ஊட்ல கட்டிட்டேன். சாயங்காலம் ஆட்டுக்காரன் வர்றான். என் ஆட்ட ஏன் கட்டுனன்றான். என் கொல்லைய ஏன் மேஞ்சிச்சின்னேன். கொல்ல ஒன்னுதா, எழுதிக் கீதான்றான். ஆடு ஒன்னுதா, அது மேல எழுதிக் கீதான்னு கேட்டேன். அவனுக்கு வாயே வரல. ஆடுதான் கத்திச்சி."

மொழிக்காரர் சிரிப்புச் சத்தம் பெட்டிக்குள் போய்விடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் வேர்த்து நின்றேன். கொல்லை என்று எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணினேன். எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயாகிவிட்டது.

கல்வெட்டுக்காரர் வந்தது அதற்கப்புறம். திருப்பாச்சூர்க் கோயிலில் வேலையை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். அக்கா கொல்லையின் ஓரத்தில் பாதி புதைந்து ஒரு கல் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி மை ஒற்றினார். கேழ்வரகுக்குக் கால் படாமல் உட்காருங்கள் என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். கோயிலுக்கு யாரோ நிலம் விட்ட கல்லாம். கிழக்கே ஏரி, வடக்கே வாய்க்கால் என்று எல்லை எல்லாம் இருக்கிறதாம்.

"குடுத்தவன் பேரு கீதா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்கும்மா."

"வாங்குனவன் பேரு?"

"சாமி பேரு இருக்கு."

"உழுதவன் பேரு?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

"சரி. முடிஞ்சதும் சொல்லுங்க, களை வெட்டணும்" என்று போய்விட்டாள்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு வந்தது. முதலில் கொடி நட்டார்கள். பிறகு சங்கிலி பிடித்து அளந்து சிவப்புக் கல் போட்டார்கள். ஏரிக்குக் கீழே இருந்த மேய்க்காலும் அதில் போயிற்று. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, நிலம் போகிற குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை என்று படித்தார்கள். புறம்போக்கில் பயிர் வைத்தவர்களுக்கும் உண்டு, பயிர் வைத்தது நிரூபணமானால்.

அக்காவுக்கு அந்த வேலை வேண்டும் என்று ஆகிவிட்டது. கொல்லை போவதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சங்கு ஊதுனா போறது, சங்கு ஊதுனா வர்றது. மழ பேஞ்சா எனுக்கு இன்னா, பேயலன்னா எனுக்கு இன்னா. கார்டுல என் பேரு இருக்கும்" என்றாள். பொம்பளைக்குக் கொடுப்பார்களா என்று யாரோ கேட்டதற்கு, "கொத்துனது பொம்பளதான, அப்ப யாரும் கேக்கல" என்றாள்.

பட்டியல் வந்தது. எங்கள் காலனியிலிருந்து ஒரே ஒரு பெயர். எதிர்வீட்டுக்காரர். அவரிடம்தான் தண்டம் கட்டின ரசீதுகள் இருந்தன. சர்க்கார் நிலத்தில் இந்த ஆள் பயிர் வைத்திருந்தான் என்பதற்கு சர்க்காரே கொடுத்த சாட்சி அது. எங்களுக்கு ஒரு மெமோகூட வராமல் பார்த்துக்கொண்டவன் நான். கர்ணத்தின் கணக்கில் அக்காவின் கொல்லை தரிசு என்று இருந்தது. பரங்கிக்காய்க்கு ரசீது கிடையாது. கர்ணத்தைப் போய்க் கேட்டேன். "மெமோ வேணாம்னு என் காலப் புடிச்சது யாரு?" என்றார்.

தாலுகா ஆபீசில் விசாரித்த ஆபீசர் இன்னொன்றையும் சொன்னார். ஒரு பேராசிரியர் வீடு வீடாக ஆராய்ந்து எழுதின புத்தகம் இருக்கிறதாம். அதிலும் அந்தக் காலனியில் எல்லாரும் கூலி, பயிர் வைப்பவர் யாரும் இல்லை என்றுதான் இருக்கிறதாம். "வேற ஏதாவது ஆதாரம் இருந்தா எடுத்துக்கிட்டு அடுத்த மாச விசாரணைக்கு வாங்க."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அத்தினி பேரு வந்து எழுதிக்கினு போனாங்களே. ஒருத்தர்கிட்ட கூடவா இல்லாம பூடும்? வா போலாம்" என்றாள்.

இருவரும் மெட்ராஸுக்குப் பஸ் ஏறினோம். முதலில் பொருளாதாரக்காரர். இப்போது பேராசிரியர். மேஜைமேல் கண்ணாடி, சுற்றிலும் புத்தகம். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு டீ வரவழைத்தார். நான் எழுந்து நின்றுதான் சொன்னேன். நிலம் இருந்தது சார், நான்தான் இல்லையென்று சொல்லச் சொன்னேன்.

தடித்த புத்தகத்தை எடுத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். "எத்தனை வீட்டுல அப்படிச் சொன்னீங்க?"

"எல்லா வீட்லயும் சார்."

அவர் முகம் மாறிவிட்டது. பக்கங்களைப் புரட்டினார். இந்தக் கட்டத்திலிருந்துதான் அந்தக் கட்டம், அதிலிருந்துதான் முடிவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இத இன்னும் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா..."

"என்னன்னு குடுப்பேன்? நான் எழுதினது தப்புன்னா?"

அக்கா நேராகக் கேட்டாள். "ஆமாங்க. தப்புதான. அப்புடியே எழுதிக் குடுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்றார். டீ டம்ளரை நானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அவருடைய பத்து வருஷ வேலையை ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கெடுத்துவிட்டிருந்தேன்.

மொழிக்காரர் சந்தோஷப்பட்டார். அக்கா பேசின டேப்பைத் தேடியெடுத்துப் போட்டுக் காட்டினார். அறை முழுக்க அவள் குரல். ஆடு, கொல்லை, எழுதிக் கீதா. அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நான் இவ்ளோ வேகமாவா பேசறேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் பேசின ஒவ்வொரு சொல்லையும் அவர் சின்னச் சின்ன அட்டையில் எழுதி டிராயரில் அடுக்கியிருந்தார். லெட்டர் கேட்டோம். உடனே எழுதினார். பாதியில் நிறுத்தி என்னிடம் சொன்னார்: "இவங்க இப்படிப் பேசினாங்கன்னு நான் எழுதலாம். இவங்களுக்குக் கொல்லை இருந்துச்சுன்னு நான் எப்படி எழுத முடியும்? நான் கொல்லையைப் பார்க்கலையே. என் வேலை ஓசையோட நின்னுடுது."

"கத பொய்னு நெனச்சீங்களா?" என்றாள் அக்கா.

"பொய்யா நெசமான்னு நான் யோசிக்கவே இல்லம்மா. அது எனக்குத் தேவைப்படல."

கல்வெட்டுக்காரர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகியிருந்தார். விலாசம் வாங்கிக் கார்டு போட்டேன். அவர் அந்தக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார், கேழ்வரகைக் கண்ணால் பார்த்திருக்கிறார், கால் படாமல் உட்காருங்கள் என்று அக்காவிடம் பேச்சுக்கூட வாங்கியிருக்கிறார். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கல் மிக முக்கியமானது, தொழிற்சாலை கட்டுகிறவர்கள் உடைத்துவிடாமல் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கோயில் பக்கம் நகர்த்திவைக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. கார்டை நாலு தடவை திருப்பிப் பார்த்தேன்.

விசாரணையில் ஆபீசர் மொழிக்காரரின் லெட்டரை முழுக்கப் படித்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. "இதுல இவங்க தொழில் கூலின்னு போட்டிருக்கே" என்றார். அதையும் டேப் எடுத்த அன்றைக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன். வழக்கம்போல, பயத்தில்.

"அன்னிக்குப் பொய் சொன்னேன். இன்னிக்கு நெசம் சொல்றேன்" என்றாள் அக்கா. "பொய்ய எழுதிக்கினீங்க. நெசத்துக்கு மட்டும் ஏன் பேப்பர் கேக்கறீங்க?"

ஆபீசர் பேனாவை மூடிவைத்தார். "நீங்க சொல்றத நான் நம்பறேம்மா. நான் நம்பறதுக்கு இதுல இடம் இல்ல."

அவ்வளவுதான். மற்ற குடும்பங்களுக்கும் அதே பதில். அவர்கள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. சிலர் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள், பஞ்சர் ஆனால்கூடத் தள்ளிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். சண்டை போட்டிருக்கலாம்.

ஒரு வருஷம் கழித்து அக்காவுக்கு வேலை கிடைத்தது, காண்ட்ராக்டில். அதே கம்பெனி வளாகத்தில் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கார்டு கிடையாது. காண்ட்ராக்டர் கேட்டில் தலையை எண்ணி உள்ளே விடுவார். எதிர்வீட்டுக்காரர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பெயர் போட்ட கார்டைக் காட்டிவிட்டுப் போவார். அக்கா அந்தக் கார்டைத்தான் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலேஜ் பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடைசியாக என் கடைக்கு வந்த ஆராய்ச்சிக்காரி அவள்தான். தொழிற்சாலை வந்ததால் நிலம் இழந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அவள் பாடம். எங்களுக்கென்றே ஒரு பாடம் வந்திருக்கிறதே என்று உடனே இரண்டு சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். அக்கா வீட்டுக்கு முதலில் போகலாம் என்றேன்.

பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஆபீசில் கொடுத்த அதே பட்டியல். "அவங்க இதுல இல்லையேங்க."

"இல்லம்மா. ஆனா நெலம் போச்சு."

"பட்டியல்ல இருக்கறவங்கள்ல இருந்துதான் நான் எடுக்கணும். இல்லன்னா எங்க சார் ஒத்துக்க மாட்டாரு."

நான் யாரிடமும் குரல் உயர்த்தினவன் இல்லை. அன்றைக்கு உயர்த்தினேன். பொருளாதாரத்துக்குப் போனால் கட்டம் தப்பாகிவிடும், மொழிக்குப் போனால் ஓசை மட்டும்தான், சரித்திரத்துக்குப் போனால் கல் மட்டும்தான், நிலம் போனவர் பாடத்திலும் பட்டியல் வேண்டும் என்கிறாய், என் அக்கா எந்தப் பாடத்தில் வருவாள், அதையாவது சொல்லிவிட்டுப் போ என்று கேட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்தப் பெண் அச்சடித்த தாளை உள்ளே வைத்துவிட்டு, ஒரு சாதா நோட்டை எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். கடையில் பஞ்சர் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். கடப்பாரையிலிருந்து பரங்கிக்காய் வரை. கிழக்கே ஏரிக்கரை, மேற்கே வண்டிப்பாதை. நான் பொய் சொல்லச் சொன்னதையும் சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டாள். நாலைந்து பக்கம் ஆயிற்று. கடைசியில் கேட்டாள்: "உங்க அக்கா பேரைப் போடலாமா? அவங்க கம்பெனியில வேலை செய்யறாங்க. யாராவது படிச்சா ஏதாவது சிக்கல் வருமா?"

அது நான் கேட்க வேண்டிய கேள்வி. காண்ட்ராக்டர் கண்ணில் பட்டால்? வேலை போய்விட்டால்? "இருங்க, கேட்டுக்கினு வந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்தேன். அதற்குள் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியை அவளோடு உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் இருந்தான். அக்காவைக் கூப்பிடச் சொன்னால் எதற்கு என்று கேட்பான், என்ன சொல்வது என்று எதிர்ச் சாரியில் நின்றேன். காண்ட்ராக்டர் வண்டி வந்தது, போயிற்று. அப்படி நின்றதிலேயே முக்கால் மணி நேரம் போயிருக்கும். கடைசியில் சாப்பாட்டு நேரத்துக்கு அக்காவே வெளியே வந்தாள்.

"இன்னாடா, ஊட்ல எதுனா ஆயிட்ச்சா?"

சொன்னேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். "போடச் சொல்லு" என்றாள்.

"யோசிச்சி சொல்லுக்கா. காண்ட்ராக்டரு..."

"நீ யோசிச்சதே போதும். என் பேரு, அப்பன் பேரு, கொல்லைக்கு நாலு பக்கமும் இன்னா கீது, அல்லாத்தையும் போடச் சொல்லு. ஓடு."

மூச்சிரைக்கத் திரும்பினேன். கடையில் என் மனைவி மட்டும் இருந்தாள். சாப்பாடு மூடினபடி இருந்தது.

"எங்க அந்தப் பொண்ணு?"

"எத்தினி நேரம்யா நிக்கும்? ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டு நின்னுச்சி. மூணு மணிக்கு காலேஜ்ல இருக்கணுமாம்."

"இன்னா சொல்லிட்டுப் போச்சி?"

"நீ வரலன்னா பேரு போடாம, ஒரு பெண்மணின்னு போட்டுக்கறேன்னு சொல்லிச்சி."

எந்தக் காலேஜ் என்று நான் கேட்டு வைக்கவில்லை. அவளும் சொல்லியிருந்தாளோ என்னவோ, நான் என் கதையைச் சொல்கிற வேகத்தில் காதில் வாங்கவில்லை. அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ் என்று சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிச் சங்கு ஊதினதும் அக்கா வேகமாக வந்தாள். கேட்பதற்கென்றே வந்திருக்கிறாள் என்று நடையிலேயே தெரிந்தது. இந்த ஒரு தடவையாவது மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும் என்று நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். ஷிப்டு முடிந்து காலனிப் பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள், தலையில் துண்டும் கையில் சாப்பாட்டுத் தூக்கும்.

"பெண்மணியா" என்றாள். "தோ, அத்தினி பேரும் பெண்மணிதான்."

அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டாள்.